குழந்தையோடு போஸ்ட்டாக் போக முடியுமா?

"நுண்ணுயிரியலில் பிஎச்.டி. முடித்து மூன்று வருடமாகிறது. மகளுக்கு இரண்டு வயது. அவள் பிறந்ததிலிருந்து லேப் பக்கம் போகவில்லை. ஃபெல்லோஷிப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கிக்கொண்டு வந்தால் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி) செய்ய இடம் தருவதாக ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் முன்பு சொல்லியிருந்தார். பெண் விஞ்ஞானிகளுக்கென்றே ஃபெல்லோஷிப் உண்டா? இந்த இடைவெளியை விண்ணப்பத்தில் மறைத்துவிடலாமா? 'பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவாய்' என்கிறார் மாமியார்."
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

மறைக்காதீர்கள். சொன்னால்தான் உங்களுக்கு லாபம்.

ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச்.டி.க்குப் பின் 8 ஆண்டு ஆராய்ச்சி அனுபவத்தைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது அதன் விதி. மகப்பேறு, பிள்ளை வளர்ப்பு என்று ஒதுங்கியிருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. குடும்பம் உள்ளவர்களுக்கு மாதாமாதம் தனிப்படியும் உண்டு. குடும்பம் கூடவே வந்தாலும் சரி, ஊரிலேயே இருந்தாலும் சரி. போட்டி கடுமைதான். 2024-இல் பத்தாயிரத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. கிடைத்தது சுமார் 1,700 பேருக்கு. பெரும்பாலும் செப்டம்பரில் விண்ணப்பம் முடியும்.

ஜெர்மனி என்று முடிவாகிவிட்டால் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு ஃபெல்லோஷிப் தரும் ஹம்போல்ட் அறக்கட்டளையைத்தான் நான் முதலில் சொல்வேன். பிஎச்.டி. முடித்து 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குழந்தை உள்ளவர்களுக்கு இந்த வரம்பைத் தளர்த்துகிறார்கள். ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். கணவரும் குழந்தையும் உடன் வந்தால் அதற்கும் உதவித்தொகை உண்டு.

இவை இரண்டும் ஆண்களுக்கும் உரியவை. பெண்களுக்கு மட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியல் சின்னது, குழப்பமும் அதில்தான் அதிகம். அழகுசாதன நிறுவனமான லோரியலின் பெயரைப் பலரும் சொல்வார்கள். இந்தியாவில் அவர்கள் தரும் உதவித்தொகை பிளஸ் டூ முடித்து இளநிலைப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கானது. மத்திய அரசின் வைஸ் பிடிஎஃப் (பெண்களுக்கான போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்) நல்ல திட்டம், ஆனால் உள்நாட்டில் ஆராய்ச்சி செய்ய. இஸ்ரேலில் வைஸ்மன் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் 2007 முதல் போஸ்ட்டாக்குக்கு வெளிநாடு போகும் பெண்களுக்குக் கூடுதல் பணம் தருகிறது. பிஎச்.டி. வரை வந்த பெண்கள் குடும்பத்தோடு இடம்பெயர முடியாமல் அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துத் தொடங்கியது அது. அந்த நாட்டுப் பெண்களுக்கானது, நமக்கில்லை. உங்களுக்குப் பொருந்தக்கூடியது எண்ணெய் வயல் சேவை நிறுவனமான ஷ்லம்பர்ஜரின் அறக்கட்டளை நடத்தும் 'ஃபேகல்ட்டி ஃபார் த ஃப்யூச்சர்'. 2004 முதல் வளரும் நாட்டுப் பெண்கள் வெளிநாட்டில் பிஎச்.டி.யோ போஸ்ட்டாக்கோ செய்ய உதவுகிறது. முடித்தபின் ஊர் திரும்பிப் பணியாற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கணவர் இங்கே வேலையில் இருந்தால் அது பெரிய இடைஞ்சல் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பழ ஈயின் கரு எப்படி உருவெடுக்கிறது என்று கண்டறிந்து 1995-இல் நோபல் பெற்ற கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 2004-இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யும் இளம் தாய்மாருக்கு மாதாமாதம் பணம். எதற்கு? வீட்டு வேலைக்கு ஆள் வைக்க, மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, பாத்திரம் கழுவும் மெஷின் வாங்க. எந்த நாட்டவரும் கேட்கலாம். பாத்திரம் கழுவும் நேரம் லேபுக்குப் போகட்டும் என்று யோசிக்க ஒரு விஞ்ஞானி வேண்டியிருந்தது பாருங்கள்! ஆனால் இது சம்பளம் இல்லை, அங்கே போய்ச் சேர்ந்தபின் கேட்கும் உபரி. பகல்நேரக் காப்பகத்துக்கும் முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

காப்பகம்தான் உண்மையான தலைவலி. ஒரு வயது முடிந்த குழந்தைக்கு ஜெர்மனியில் சட்டப்படி காப்பக இடம் உண்டு. நடைமுறையில் பல நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். ஊர் உறுதியான அன்றே பதிவு செய்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் இதற்கு உதவ ஒரு குடும்ப அலுவலகம் இருக்கும்.

மாமியார் விஷயம். அவர் கேட்பது நியாயமான கேள்வி, ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அவர் கூட வருவாரா, சில மாதம் லீவு போடுவாரா, சோதனை ராத்திரி எட்டு மணி வரை இழுத்தால் குழந்தையை யார் கூட்டி வருவது? விண்ணப்பத்துக்கு முன்பே இதைப் பேசி முடியுங்கள்.

அந்தப் பேராசிரியருக்கு இந்த வாரமே எழுதுங்கள். முதல் மெயிலில் ஆராய்ச்சி யோசனை மட்டும் போதும். குழந்தை பற்றி அப்புறம் பேசலாம். சிவியில் மட்டும் இடைவெளியின் மாதம், வருடத்தைப் போட்டு 'மகப்பேறு, குழந்தை வளர்ப்பு' என்று ஒரு வரி. ஆகஸ்ட் வரை தள்ளிப்போட்டால் அங்கே பாதிப் பேர் விடுமுறையில் போயிருப்பார்கள்.