டேட்டா குவாலிட்டி ஸ்கோர் பச்சையில் இருந்தும் புகார் ஏன் வருகிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் டேபிள்களைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எஸ்எல்ஏ (இந்தத் தரத்தில் தருவோம் என்று கொடுக்கும் வாக்கு) இலக்கு வைத்திருக்கிறோம். ஸ்கோர் எப்போதும் இலக்குக்கு மேலேதான். ஆனாலும் டேட்டா சரியில்லை என்று புகார் வருகிறது. எங்கே பார்ப்பது?

பதில்:

அந்த ஸ்கோர் எதன் சராசரி என்று முதலில் பாருங்கள். பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் வாடிக்கையாளர் முகவரி டேபிள் தங்கத் தரம், இலக்கு 98. அதன்மேல் தினமும் 20 சோதனைகள் ஓடும். 19 சோதனைகள் 99.6 வாங்கும், ஒன்று மட்டும் 82. கூட்டி வகுத்தால் 98.72, டேஷ்போர்டு பச்சை. அந்த ஒன்று பின்கோடு! டெலிவரி வண்டி எடுக்கிறவருக்கு மற்ற பத்தொன்பதும் சுத்தமாக இருந்து என்ன லாபம்?

அதோடு தங்கத் தரத்துக்குச் சராசரியைக் கைவிட்டோம். வேலை நின்றுபோகும் அளவுக்கு முக்கியமான ஐந்தாறு நெடுவரிசைகளை (column) குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தனியாக இலக்கைத் தொட வேண்டும், ஒன்று விழுந்தாலும் டேபிளே சிவப்பு என்று மாற்றினோம். வெள்ளிக்குச் சராசரி உண்டு, ஆனால் எந்தச் சோதனையும் 90-க்குக் கீழே போகக் கூடாது. வெண்கலத்துக்குச் சராசரியே போதும், அதற்காக ராத்திரி யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. டிபிடி (dbt, டேட்டாவை மாற்றவும் சோதிக்கவும் உதவும் கருவி) வைத்திருந்தால் இது சுலபம். ஒரே சோதனைக்கு எச்சரிக்கைக்கு ஒரு வரம்பு, எரருக்கு இன்னொரு வரம்பு கொடுக்கலாம்.

சரி, அந்த 82-ஐத் தோண்டினோம். அதில் ஒரு பங்கு டேட்டாவின் தப்பே இல்லை. புதுச்சேரி என்று இருந்தால் பின்கோடு 605-ல் தொடங்க வேண்டும் என்று யாரோ விதி எழுதிவைத்திருந்தார்கள். காரைக்காலுக்கு 609, கேரளத்தை ஒட்டிய மாஹேக்கு 673, ஆந்திரத்துக்குள் கிடக்கும் ஏனாமுக்கு 533. சரியான முகவரிகளைத்தான் தினமும் ஃபெயில் ஆக்கிக்கொண்டிருந்தோம்.

இதற்கு நேர் எதிரானதும் அதே டேபிளில் இருந்தது. பழைய ஃபாரத்தில் பின்கோடு போடாமல் அடுத்த பக்கம் போக முடியாது. அவசரத்தில் பதிவு செய்தவர்கள் 600001 என்று தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆறு இலக்கம், தமிழ்நாட்டுக்கு உரிய எண், சென்னை பாரிமுனைக்கு உண்மையாகவே இருக்கிற பின்கோடு. எல்லாச் சோதனையிலும் பாஸ்! ஒருநாள் பின்கோடு வாரியாக எண்ணிப் பார்த்தபோது அது எங்கோ உச்சியில் நின்றது. "பாரிமுனையில கடைதானே இருக்கு, இத்தனை பேர் எங்க குடியிருக்காங்க?" என்று கேட்டார் டீம் லீடர். வடிவம் சரியா என்று பார்ப்பது வேறு, உண்மையா என்று பார்ப்பது வேறு. உங்கள் ஸ்கோர் முதலாவதை மட்டும் அளந்துகொண்டிருக்கலாம்.

அப்புறம் நேரம். காலை 6 மணிக்குள் டேட்டா தயார் என்று வாக்கு கொடுத்துவிட்டு, சோதனையை 9 மணிக்கு ஓட்டினால் 8 மணிக்கு வந்த டேட்டா லோடும் சுத்தமாகத்தான் தெரியும். சொன்ன நேரத்தில் அளக்க வேண்டும். இலக்கைத் தீர்மானிக்கிறவர்களும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். தினம் ஒரு லோடு என்றால் மாதத்துக்கு 30. ஒன்று தாமதமானாலே 96.67 சதவீதம். ஆக, மாத இலக்கு 99 என்று எழுதினால் ஒருநாள்கூடத் தவறக் கூடாது என்றுதான் அர்த்தம். மூன்று மாதமாக நீட்டினாலும் 90-ல் ஒன்று போனால் 98.89, அப்போதும் தோல்வி. 99 என்று கையெழுத்துப் போட்ட மேலதிகாரிக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, தங்கத் தர ரிப்போர்ட்டுக்குத் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது? டேட்டா வரும் வழியில் மேலே ஒரு வெண்கல டேபிள் இருந்தால் ரிப்போர்ட்டின் 98 வெறும் காகிதம்தான். ரிப்போர்ட்டுக்கு என்ன தரமோ, அதற்கு ஊட்டுகிற நெடுவரிசைக்கும் அதே தரம் வேண்டும். டேட்டாபிரிக்ஸ் (டேட்டா தளம் தரும் நிறுவனம்) பாணியில், டேட்டா படிப்படியாகச் சுத்தமாகும் லேயர்களுக்கும் இதே வெண்கலம், வெள்ளி, தங்கம் பெயரை வைத்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். நாங்கள் எஸ்எல்ஏ தரத்துக்கு ஏ, பி, சி என்று மாற்றிய பிறகுதான் மீட்டிங்கில் சண்டை குறைந்தது.

இதையெல்லாம் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. இப்போதைக்கு, புகார் செய்கிறவரிடம் தப்பான வரிகள் பத்து மட்டும் கேட்டு வாங்குங்கள். அவற்றை உங்கள் சோதனைகளில் ஓட்டுங்கள். ஃபெயில் ஆகிறவை சராசரிக்குள் ஒளிந்திருந்தவை. பாஸ் ஆகிறவற்றுக்கு விதியே இன்னும் எழுதப்படவில்லை, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.