கதை தெரியும், மார்க் வரவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ பாடத்திட்டத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். முதல் தாள் கவிதையும் உரைநடையும், இரண்டாம் தாள் நாடகம். நாடகங்களில் ஒன்று ‘மெக்பெத்’. எந்தக் காட்சியைக் கேட்டாலும் கடகடவென்று சொல்கிறாள். ஆனால் பள்ளித் தேர்வுகளில் 25க்கு 12, 13ஐத் தாண்டுவதில்லை. ‘கதை சொல்கிறாய்’ என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதி அனுப்புகிறார். கதையைச் சொல்லாமல் வேறு எதை எழுதுவது? பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்தான்.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

ஆசிரியர் எழுதியது சரி. ஆனால் ஓரத்தில் இரண்டு சொல் எழுதினால் பிள்ளைக்கு வழி தெரியாது.

இந்தத் தேர்வில் நான்கு விஷயங்களுக்குச் சம எடை: நூலைச் சான்றோடு அறிந்திருப்பது, அதன் பொருளை உணர்ந்திருப்பது, எழுதியவர் அதை மொழியாலும் அமைப்பாலும் எப்படிச் செய்தார் என்று காட்டுவது, வாசிப்பவராகத் தன் எதிர்வினையைச் சொல்வது. தனித்தனியாக மார்க் போட்டுக் கூட்டுவதில்லை. விடையை முழுதாகப் படித்து எந்தத் தரநிலையில் சேரும் என்று பார்க்கிறார்கள். கதையைச் சரியாகச் சொன்னால் முதல் விஷயம் நிறைவேறும், இரண்டாவது கொஞ்சம் நிறைவேறும். உங்கள் மகள் அங்கேதான் நிற்கிறாள்.

கேள்வியிலேயே விடை ஒளிந்திருக்கிறது. ‘இந்தக் கட்டத்தை ஷேக்ஸ்பியர் எப்படி இவ்வளவு பதற்றமாக ஆக்குகிறார்?’ என்ற வகையில்தான் கேட்பார்கள். அதில் ‘எப்படி’, ‘பதற்றம்’ இரண்டையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பத்தியும் அந்த இரண்டையும் தொட வேண்டும்.

இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியை எடுங்கள். மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு மெக்பெத் வருகிறான். ‘மெக்பெத் பயந்திருக்கிறான், மனைவி அவனைத் திட்டுகிறாள்’ என்பது கதை. கொலை மேடையில் நடப்பதே இல்லை, நாம் பார்ப்பது ரத்தம் படிந்த கைகளை மட்டுமே என்று கவனிப்பது விடை. ‘எப்போது?’ ‘இப்போது.’ ‘இறங்கி வரும்போதா?’ ‘ஆம்.’ இருவரும் ஓரிரு சொற்களில் பேசிக்கொள்கிறார்கள். நீளமாகப் பேச மூச்சில்லை. அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டிய குறுவாள்களை அவன் கையோடு கொண்டுவந்துவிட்டான் என்பதை அவள் தாமதமாகத்தான் கவனிக்கிறாள். பிறகு கதவு தட்டப்படும் ஓசை. யார் என்று நமக்கும் தெரியாது. இந்த நான்கில் மூன்றை விரித்தாலே நல்ல விடை. கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம் என்று அவள் அங்கே சொல்வதை, ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி கையைத் தேய்த்துத் தேய்த்தும் போகாத கறையோடு இணைத்தால் தரம் இன்னும் ஒரு படி ஏறும்.

கவிதையில் வேறு வகைச் சிக்கல். ‘இதில் உவமை இருக்கிறது, மோனை இருக்கிறது’ என்று பட்டியல் போடுவார்கள். நம் தமிழ்ப் பாடத்தில் அணியைப் பெயர் சொல்லிப் பழகியதன் மிச்சம் இது. ‘செம்புலப் பெயல்நீர்’ உவமை என்று சொன்னால் யாருக்கு என்ன கிடைத்தது? செம்மண்ணில் விழுந்த மழை மண்ணின் நிறத்தை ஏற்றுக்கொள்கிறது, இனி அதைப் பிரித்து எடுக்க முடியாது என்று சொன்னால்தான் கவிதை திறக்கிறது. மகளுக்கு முதலில் இதைத் தமிழிலேயே செய்து காட்டுங்கள், ஆங்கிலத்தில் தானாக வரும். ஷெல்லியின் ‘ஓஸிமாண்டியஸ்’ 14 வரிதான். ‘என் சாதனைகளைப் பார்த்து நடுங்குங்கள்’ என்று பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் மன்னன் சிலையின் பீடத்தில் ஆர்ப்பரித்த உடனே, மூன்றே சொல்லில் ஒரு வாக்கியம், வேறெதுவும் மிச்சமில்லை என்று. வரியின் நடுவில் முற்றுப்புள்ளி. அந்த நிறுத்தத்தைப் பற்றி மட்டுமே அரைப் பக்கம் எழுதலாம்.

உரைநடைக்குச் சுருக்கமாக: யார் சொல்கிறார், அவரை நம்பலாமா, பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. இந்த மூன்றையும் கேட்டுவிட்டு எழுதத் தொடங்கினால் போதும்.

மேற்கோள் மூன்று முதல் ஆறு சொல். வினாத்தாளிலேயே அச்சாகியிருக்கும் பகுதியிலிருந்து ஐந்து வரியைப் பெயர்த்து எழுதுவது நேர விரயம். நாடகத் தாளில் இரண்டு விடைகளில் ஒன்று பகுதி தராத கட்டுரை வினாவாகவும் இருக்க வேண்டும். அதற்கு ஒரு நாடகத்துக்குப் பதினைந்து குட்டி மேற்கோள்கள் மனப்பாடமாக இருக்கட்டும். பாத்திரவாரியாக எடுக்காமல் இழைவாரியாக எடுக்க வேண்டும். மெக்பெத்தில் ரத்தம், தூக்கம், பொருந்தாத உடை ஆகிய மூன்று இழைகள் எந்தக் கேள்விக்கும் கைகொடுக்கும்.

ஒவ்வொரு தாளும் 90 நிமிடம், இரண்டு விடை. ஒரு விடைக்கு 7 நிமிடம் திட்டம், 35 நிமிடம் எழுத்து, 3 நிமிடம் திருத்தம். பெரும்பாலோர் பிடித்த கேள்விக்கு ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பாதியில் விடுகிறார்கள். இரண்டும் 25 மார்க்தான். முன்னுரையில் ஷேக்ஸ்பியர் எந்த ஆண்டு பிறந்தார் என்று எழுதுவது, முடிவுரையில் சொன்னதையே திருப்பிச் சொல்வது, இரண்டையும் வெட்டிவிடலாம். அங்கேயே ஐந்து நிமிடம் மிஞ்சும்.

வாரத்துக்கு இரண்டு விடை, கடிகாரம் வைத்து, கையால் எழுதட்டும். எழுதியதும் இரண்டு நிறப் பேனா எடுத்துக் கதை சொல்லும் வாக்கியங்களைச் சிவப்பிலும், ‘எப்படி’ சொல்லும் வாக்கியங்களைப் பச்சையிலும் கோடிடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் பக்கம் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும். இன்னொன்று: மெக்பெத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். அந்த இரண்டாம் காட்சியில் லேடி மெக்பெத்தின் வசனத்தை நீங்கள் வாசியுங்கள்.