82 ஆட்டமும் 38 ஆட்டமும் ஒரே கணக்கா?

"என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணி ஒரு பருவத்தில் 82 ஆட்டம் ஆடுகிறது, 38 லீக் ஆட்டத்துக்கே கால்பந்து வீரர்கள் ஏன் களைப்பு என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் டிவியில் மட்டும் பார்ப்பவர் என்று நினைக்கிறேன், தவறென்றால் மன்னிக்கவும்.

நான் எட்டு வருடம் நடுக்களத்தில் கால்பந்து ஆடியவன். அப்புறம் இரண்டு பருவம் அமெச்சூர் ஐஸ் ஹாக்கி. தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை, "உனக்கென்ன தெரியும்" என்று வருபவர்கள் வரலாம், ஆனால் இரண்டு வலியும் என் கால்களுக்குத் தெரியும்.

ஐஸ் ஹாக்கியில் ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருவர் ஒரு தடவை இறங்கி ஆடிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பும் நேரம், ஏறக்குறைய முக்கால் நிமிடம்தான். ஒன்றரை மணி நேரம் ஓடிப் பழகிய தைரியத்தில், முதல் ஆட்டத்தில் இரண்டு நிமிடம் பெஞ்சுக்குத் திரும்பாமலே ஆடினேன். தொடை இரண்டும் தீயாய் எரிந்தது. பலகைத் தடுப்பைத் தாண்டக் காலைத் தூக்க முடியவில்லை, கூட ஆடியவர்தான் ஜெர்சியைப் பிடித்து உள்ளே இழுத்தார். அந்த வேகத்தில் யாராலும் நீண்ட நேரம் ஓட முடியாது, அதனால்தான் மாறி மாறி இறங்குகிறார்கள். 60 நிமிடத்தில் முன்னணித் தடுப்பாட்டக்காரரே ஏறக்குறைய 25 நிமிடம்தான் பனியில் இருப்பார். ஆனால் அந்த 25 நிமிடமும் மோதல், சில சமயம் மறுநாளே இன்னொரு ஊரில் ஆட்டம், பிளேஆஃப் என்ற கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுகளுக்குப் போனால் மேலும் 28 ஆட்டம் வரை. 2013-இல் என்ஹெச்எல் பட்டத்துக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் பாஸ்டன் அணியின் பேட்ரிஸ் பெர்ஜரான் விலா எலும்பு முறிந்த நிலையிலும் ஆடினார், நுரையீரலிலும் துளை விழுந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

சரி, கால்பந்து. ஓர் ஆட்டத்தில் 10, 12 கிலோமீட்டர் ஓட்டம், மாற்று வீரருக்கு இடம் கொடுத்து வெளியே போனால் திரும்ப வர முடியாது. 38 என்பது லீக் மட்டும்தான். கோப்பைகள், ஐரோப்பியப் போட்டி, நாட்டு அணி எல்லாம் சேர்த்து 2020-21 பருவத்தில் பார்சிலோனாவின் பெட்ரி 73 ஆட்டம் ஆடினார், வயது 18. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, ஆட்டங்கள் இப்படிக் கூடிக்கொண்டே போனால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை வரும் என்றார். சில நாளிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து அந்த லீக் பருவமே ஏறத்தாழ முழுக்கப் போயிற்று.

இந்தக் கேள்வி எனக்கு உறைத்ததற்குக் காரணம் வேறு. நான் கால்பந்து ஆடிய காலத்தில் ஒருநாள், ஆறு நாளில் மூன்றாவது ஆட்டம், பின்தொடை காலையிலிருந்தே இறுகிக் கிடந்தது. பயிற்சியாளரிடம் சொன்னேன். "எல்லாருக்கும்தான் வலிக்கும், இறங்கு" என்றார். எழுபதாவது நிமிடம், ஒரு நீளப் பந்தைத் துரத்தும்போது யாரோ பின்னாலிருந்து கல்லெறிந்தது போல 'பட்'டென்றது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமே இல்லை. நான்கு மாதம் ஓடவில்லை. ஒரு தடவைகூட பயிற்சியாளர் போன் பண்ணவில்லை, அடுத்த பருவம் அணிப் பட்டியலில் என் பெயரும் இல்லை. அன்று எனக்கு 21 வயது, களைப்பு என்று சொன்னதே தப்போ என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.