“ஹஸ்பண்ட் நல்லவர்தானே மேடம்?”: ‘தி யெல்லோ வால்பேப்பர்’ கதையை வகுப்பில் நடத்துவது எப்படி?

கேள்வி: கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டுக்கு அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ சிறுகதையை நடத்துகிறேன். மூன்று பீரியட்தான் கிடைக்கும். பாதிப் பேர் கைடைப் புரட்டிவிட்டு வந்து ‘ஆணாதிக்கம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். மீதிப் பேர், “ஹஸ்பண்ட் நல்லாத்தானே பார்த்துக்கறார் மேடம், அந்தப் பொண்ணுக்குத்தான் பைத்தியம்” என்கிறார்கள். போன தடவை கதை முடிந்ததும் ஒரு மாணவி அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். எப்படி நடத்துவது?

பதில்: “ஹஸ்பண்ட் நல்லவர்தானே” என்று கேட்கிறவர்களைத் திருத்தப் பார்க்காதீர்கள். கதைக்குள் போக அவர்கள்தான் சரியான வழி. ‘ஆணாதிக்கம்’ என்று எழுதிவிட்டு உட்காருகிறவர்கள் கதையைப் படித்திருக்கவே வேண்டியதில்லை. கணவன் ஜான் நல்லவன் என்று சொல்கிறவர்களாவது படித்திருக்கிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்கு மனச்சோர்வு. டாக்டரான கணவன் ஜான், கோடைக்காலத்துக்கு ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து, மாடியறையில் அவளை ஓய்வில் வைக்கிறான். எழுதக் கூடாது, வேலை செய்யக் கூடாது. அவள் ஒளித்து ஒளித்து எழுதும் குறிப்புகள்தான் கதை. சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருப்பதாக அவளுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. கடைசியில் காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு அறையைச் சுற்றித் தவழ்கிறாள்.

முதல் பீரியடில் கில்மனின் வாழ்க்கையையும் பெண்ணியத்தையும் தொடவே வேண்டாம். முதல் பகுதியை மட்டும் வாசியுங்கள். அதில் ஓர் இடம் உண்டு: ஜான் டாக்டராக இருப்பதுதான் தனக்குச் சீக்கிரம் குணமாகாததற்கு ஒரு காரணமோ என்கிறாள். அந்த வாக்கியத்தின் நடுவில் அடைப்புக்குறி போட்டு, உயிருள்ள யாரிடமும் இதைச் சொல்ல மாட்டேன், இது உயிரற்ற காகிதம்தானே என்று சேர்த்துக்கொள்கிறாள். அங்கே நிறுத்திக் கேளுங்கள்: இதை அவள் எப்போது எழுதுகிறாள்? யார் வந்தால் ஒளித்து வைக்கிறாள்? ‘ஜான் வருகிறான், எடுத்து வைக்க வேண்டும்’ என்று ஒரு பகுதி முடிகிறதே, அதற்கு முன் எதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள்? பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். யாருக்கோ பயந்து எழுதுகிற கை அது என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது பீரியட் முழுவதையும் அந்த அறைக்கே கொடுங்கள். நான்கு நான்கு பேராகப் பிரித்து, கதையில் உள்ளதை மட்டும் வைத்து அறையை வரையச் சொல்லுங்கள். ஜன்னலில் கம்பிகள். சுவரில் வளையங்கள். மாடிப்படியின் மேல்முனையில் ஒரு கதவு. தரையோடு ஆணியடித்த கட்டில். கட்டிலின் தலைமாட்டைச் சுற்றி, கை எட்டும் தூரம் வரை கிழிந்த காகிதம். இது குழந்தைகள் விளையாடிய அறை என்று அவள் முடிவு செய்துகொள்கிறாள். படத்தைப் பார்த்தபின் எத்தனை பேர் அதை நம்புவார்கள் என்று பாருங்கள்.

அப்புறம் இரண்டு தடயங்களைத் தேடச் சொல்லுங்கள். ஒன்று, கட்டில். கடைசிப் பக்கங்களில், அந்தக் குழந்தைகள் கட்டிலை இப்படிக் கடித்துக் குதறியிருக்கிறார்களே என்று வியக்கிறாள். கொஞ்ச நேரத்தில், கோபத்தில் தானே அதன் ஒரு மூலையைக் கடித்துப் பார்த்ததாகவும் பல் வலித்ததாகவும் எழுதுகிறாள். இன்னொன்று, சுவரின் அடியோரமாக அறையைச் சுற்றி ஓடும் தேய்ந்த தடம். யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள் என்று அவளுக்கே புதிராக இருக்கிறது. கடைசியில் அந்தத் தடத்தில் தன் தோள் கச்சிதமாகப் பொருந்துவதாகச் சொல்கிறாள். இதற்கெல்லாம் முன்பே ஜானின் சகோதரி ஜென்னி, அவளுடைய துணிகளிலும் ஜானின் துணிகளிலும் மஞ்சள் கறை ஒட்டியிருக்கிறது என்று குறைப்பட்டிருப்பாள். மூன்று இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவள் எப்போதிலிருந்து தவழ்கிறாள் என்ற கேள்வி வகுப்பில் தானாக எழும். சொல்கிறவளை முழுதாக நம்ப முடியாது என்று கரும்பலகையில் எழுதிப்போடுவதைவிட இது நன்றாக மண்டையில் ஏறும். அந்த அறையில் முன்பு இருந்தது குழந்தைகளா, வேறொரு நோயாளியா, எல்லாமே இவள் செய்ததா என்பதற்கு நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள். கதையும் சொல்லவில்லை.

இப்போது ஜானுக்கு வருவோம். அவன் அவளை அடிப்பதில்லை, திட்டுவதில்லை. மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறான், களைத்துப்போகும் வரை படித்துக் காட்டுகிறான், கொஞ்சுகிறான். ஆனால் ரோஜாக்கொடி தெரியும் கீழறை வேண்டும் என்று கேட்டாள், கிடைக்கவில்லை. உறவினர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டாள், கிடைக்கவில்லை. காகிதத்தை மாற்ற முதலில் சம்மதித்தவன், இன்றைக்குக் காகிதம் என்றால் நாளைக்குக் கட்டில், அப்புறம் ஜன்னல் கம்பி, அப்புறம் படிக்கதவு என்று போய்க்கொண்டே இருக்கும் என்று சொல்லி மறுத்துவிடுகிறான். இந்தப் பட்டியல் ஜானின் வாயிலிருந்தே வருகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கம்பியும் கதவும் அவனுக்குத் தெரியாததல்ல.

வீட்டுப்பாடமாக, ஜான் ஒரு சக மருத்துவருக்கு எழுதும் கடிதத்தை எழுதச் சொல்லுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: கடிதத்தில் ஒரு கடுஞ்சொல்கூட இருக்கக் கூடாது. ஜான் நல்லவன் என்று வாதிட்டவர்களிடமிருந்தே அசலான கடிதங்கள் வரும். அதைச் சத்தமாக வாசிக்கும்போது கேட்பவர்களுக்கு முதுகு சில்லிடும்.

வரலாற்றை மூன்றாவது பீரியடில் சொல்லலாம். ஃபிலடெல்ஃபியாவின் பெயர்பெற்ற நரம்பு மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல், ‘ரெஸ்ட் க்யூர்’ என்ற சிகிச்சையைப் பரப்பியவர். வாரக்கணக்கில் படுக்கை, தனிமை, பால் நிறைந்த கொழுத்த உணவு, மசாஜ், உடலில் மின்சாரம் செலுத்துவது. அதே மிட்செல், நரம்புத் தளர்ச்சி என்று வந்த எழுத்தாளர் ஓவன் விஸ்டரை மேற்கே வயோமிங்குக்கு அனுப்பினார். ஆணுக்குக் குதிரையும் வெட்டவெளியும், பெண்ணுக்குக் கட்டில். இந்த ஒரு ஒப்பீடு போதும், பெண்ணியம் பற்றித் தனி லெக்சர் வேண்டாம்.

கில்மன் 1885-இல் மகள் பிறந்தபின் கடும் மனச்சோர்வில் விழுந்து, 1887-இல் மிட்செலிடம் போனார். வீட்டோடு இரு, குழந்தையை எப்போதும் கூடவே வைத்துக்கொள், நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளை வேலை கூடாது, ஆயுள் முழுக்கப் பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பியதாகத் தன் சுயசரிதையில் எழுதுகிறார். கதை 1892 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து மேகசின்’ இதழில் வந்தது. ஆனால் கதைநாயகியும் கில்மனும் ஒருவரல்ல. கில்மனைக் குழந்தையோடேயே இருக்கச் சொன்னார்கள். கதையில் குழந்தையை மேரி பார்த்துக்கொள்கிறாள், தாய் அருகில்கூடப் போக முடிவதில்லை. கில்மன் கணவரைப் பிரிந்து, எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் வாழ்ந்தார். இந்தக் கதையைப் படித்து மிட்செல் சிகிச்சையை மாற்றிக்கொண்டார் என்று கைடுகள் அடித்துச் சொல்லும். அது பிறர் சொல்லக் கேட்டதாக 1913-இல் கில்மன் எழுதியது. மிட்செல் தரப்பிலிருந்து அதற்குச் சான்று இல்லை. மாணவர்களிடம் அப்படியே சொல்லுங்கள். கில்மனின் இனவாதக் கருத்துகள் தனி விவாதம், எம்.ஏ. வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி அழுத மாணவி. கதையில் கயிறு வருகிறது, ஜன்னல் வழியாகக் குதிக்கும் நினைப்பும் வருகிறது. ஆரம்பிக்கும் முன்பே இதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வெளியே போக வேண்டும் என்றால் காரணம் சொல்லாமல் போகலாம் என்றும் சொல்லுங்கள். “உங்கள் வீட்டில் இப்படி யாராவது?” என்று வகுப்பில் கேட்கவே கேட்காதீர்கள். நம் ஊர்ப் பிரசவகாலப் பத்தியத்தோடும் தீட்டோடும் யாராவது ஒப்பிட்டால் தடுக்க வேண்டாம். ஆனால் தாய்வீட்டில் பிள்ளை பெற்றவளைச் சுற்றி நாலு பெண்கள் இருப்பார்கள், இவளிடம் பேச ஆளில்லை என்ற வித்தியாசத்தை எடுத்துக்காட்டுங்கள். அந்த மாணவியிடம் தனியாக, “நல்லா இருக்கியாம்மா?” என்று மட்டும் கேளுங்கள். அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், கல்லூரிக் கவுன்சலரிடம் அழைத்துப் போங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தரும் தவறான பாடம் வேறு ஒன்று: டாக்டரிடம் போகாதே, மருந்து வேண்டாம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வது. கதை சாடுவது தனிமையையும், நோயாளியின் பேச்சைக் காதில் வாங்காத வைத்தியத்தையும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு இன்று நல்ல சிகிச்சை இருக்கிறது. இல்லாத குரல் கேட்பது, உருவம் தெரிவது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐப் பலகையில் எழுதிப்போடுங்கள். “மேம், இது என்ன நோய்?” என்று கேட்பார்கள். கதைப்பெண்ணுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது நம் வேலையல்ல என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

தேர்வில் ‘முடிவு விடுதலையா, தோல்வியா?’ என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதில் கைடில் ரெடியாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், ‘உன்னையும் ஜேனையும் மீறி வெளியே வந்துவிட்டேன்’ என்று அவள் ஜானிடம் சொல்கிறாள். கதையில் அதுவரை ஜேன் என்ற பெயரே இல்லை. ஜென்னி என்பதன் அச்சுப்பிழை என்கிறார்கள் சிலர், அவளுடைய சொந்தப் பெயர் என்கிறார்கள் சிலர். ‘ஜேன் யார்? கதையிலிருந்து மூன்று சான்றுகளோடு எழுதுக’ என்று கேளுங்கள்.