புறக்கோட்டையில் ஓடும் பாக்மேனை எப்படிப் பகிர்வது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய பாக்மேன் விளையாட்டின் பாதைகளை மாற்றி, கொழும்புப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களைப் போல ஒரு புதிய கட்டம் செய்திருக்கிறேன். பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரில் நன்றாக ஓடுகிறது. கூட்டாளிமாருக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் கொடுக்க விருப்பம். விளையாட்டின் நிரல் ஃபைலான ரொம்மை முழுதாக ஸிப் பண்ணிக் கொடுக்கலாமா? சின்னத் தொகை ஒன்று வாங்கினால் பிழையா?"

முழு ரொம்மைக் கொடுக்காதீர்கள். நீங்கள் மாற்றியதை மட்டும் பேட்ச் ஃபைலாக, அதாவது மூல ரொம்மின் மேல் ஒட்டும் மாற்றப் பட்டியலாகக் கொடுங்கள். காசும் வாங்க வேண்டாம்.

பாக்மேன் 1980இல் நாம்கோ வெளியிட்ட விளையாட்டு. அதன் பதிப்புரிமை இன்னும் முடியவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் ஒரு படைப்பாகவே பாதுகாக்கிறது. அதைப் படியெடுத்துப் பரப்பும் உரிமையும் மாற்றியமைக்கும் உரிமையும் உரிமையாளருக்கே உரியவை. பேட்ச் மட்டும் கொடுத்தால் சட்டச் சிக்கலே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்தவருடைய படைப்பை நீங்கள் விநியோகிக்கவில்லை என்ற நிலையாவது இருக்கும். உரிமையாளர் எப்போதாவது எழுதிக் கேட்டால், வாதாடாமல் உடனே எடுத்துவிடுங்கள்.

காசு விடயத்தில் ஒரு பழைய கதை உதவும். 1981இல் அமெரிக்காவில் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவனம், அட்டாரி நிறுவனத்தின் மிசைல் கமாண்ட் விளையாட்டு இயந்திரத்தில் பொருத்த ஒரு மேம்பாட்டுச் சுற்றுப்பலகை செய்து விற்றது. அட்டாரி வழக்குப் போட்டது; கடைசியில் சமரசம். மூல உற்பத்தியாளரின் சம்மதம் இல்லாமல் இனி இப்படி விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அப்போது அவர்கள் கையில் பாக்மேனுக்குச் செய்த கிரேசி ஒட்டோ என்ற மாற்றம் இருந்தது. அதை நேரே அமெரிக்காவில் பாக்மேனை விற்ற மிட்வேயிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். 1982இல் அதுவே மிஸ் பாக்மேன் ஆக வெளிவந்தது. ரசிகர்களின் கைவேலைக்கு அவ்வளவு பெறுமதி உண்டு என்பதால்தான் இவ்வளவு கவனமாகச் சொல்கிறேன்.

இனிப் பேட்ச். ஐபிஎஸ் என்பது பேட்ச் ஃபைலின் ஒரு வகை. அதை ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். ஆரம்பத்தில் ஐந்து பைட்டில் 'பேட்ச்' என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று பைட்டில் எந்த இடம், இரண்டு பைட்டில் எவ்வளவு நீளம், பிறகு புதிய பைட்டுகள். அவ்வளவுதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. பாக்மேனின் பாதை வரைபடம் ரொம்முக்குள் பாதிதான் உண்டு. மற்றப் பாதியை நிரல் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி வரைகிறது. நிசமான புறக்கோட்டை இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இல்லை. அதை அப்படியே கொண்டுவந்திருந்தால் வரையும் நிரலிலும் நீங்கள் கைவைத்திருக்க வேண்டும். நடுவில் சில பைட்டுகளைச் செருகியிருந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் தள்ளிப்போயிருக்கும். தள்ளிப்போன பழைய நிரல் முழுவதையும் ஐபிஎஸ் புதிய மாற்றம் என்று நினைத்து உள்ளே வைத்துவிடும். அப்போது நீங்கள் கொடுப்பது பேட்ச் என்ற பெயரில் மூல விளையாட்டுத்தான்.

ஆகவே அளவைப் பாருங்கள். பாக்மேனின் முழு நிரலே 16 கிலோபைட். உங்கள் பேட்ச் 10 கிலோபைட் வந்தால் ஏதோ பிழை. பிபிஎஸ் என்ற இன்னொரு பேட்ச் வகையில் செய்து பாருங்கள். நகர்ந்த பகுதியை அது மூல ஃபைலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மூல ஃபைலின் சரிபார்ப்பு எண்ணும் (ஃபைல் அதேதானா என்று காட்டும் எண்) அதில் இருப்பதால், வேறு பதிப்பு ரொம்மில் யாராவது ஒட்டப் பார்த்தால் மறுத்துவிடும். நான் முதன்முதலில் ஒரு மாற்றத்தை ஐபிஎஸ்ஸாகக் கொடுத்தபோது எந்தப் பதிப்பு என்று எழுத மறந்துவிட்டேன். வாங்கியவர்களில் பாதிப்பேருக்குத் திரையில் குப்பைதான் வந்தது. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளங்கப்படுத்தி ஒரு கிழமை போனது.

பேட்சோடு ஒரு சிறு குறிப்பு ஃபைலும் வையுங்கள். எந்த ரொம் பதிப்பு, அதன் சிஆர்சி சரிபார்ப்பு எண், உங்கள் பதிப்பு எண், திகதி, தெரிந்த குறைகள், யார் யார் உதவினார்கள் என்பது போதும். சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று மேம் எச்சரிக்கை காட்டும். அது வழமையானது என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆட்கள் பயந்துவிடுவார்கள். விளையாட்டுக்கு உங்கள் சொந்தப் பெயரை வையுங்கள், மூலச் சின்னத்தைத் தலைப்பில் போடாதீர்கள்.

வெளியிட முன்னர் இன்னொன்றைச் சோதியுங்கள். மூல விளையாட்டில் 240 புள்ளிகளும் 4 பெரிய புள்ளிகளும் உண்டு. 244 தின்று முடிந்தால்தான் கட்டம் முடியும் என்று நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. உங்கள் குறுக்குத் தெருக்களில் ஒரு புள்ளி குறைந்தாலும் விளையாடுபவர் வெறும் தெருவில் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒன்று கூடினால், மிச்சம் இருக்கும்போதே கட்டம் முடிந்துவிடும். ஆகவே புள்ளிகளை எண்ணிவிட்டு, இதுவரை இதைப் பார்க்காத ஒரு கூட்டாளியின் கணினியில் பேட்சை ஒட்டி, அவரையே இரண்டு கட்டம் விளையாடவிட்டுப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.