மார்ச் 31-க்குள் பத்து பாயின்ட்: சிட்னி வக்கீலம்மாவிடம் வாசகர் கேள்விகள்

சென்னையில் ஏழு வருஷம் வழக்கறிஞர். பிறகு சிட்னியில் இருபத்திரண்டு வருஷம் பாரிஸ்டர். இப்போது அங்கே இளம் பாரிஸ்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.

அம்மா, சட்டம் படித்து முடித்து, கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகும் ஆஸ்திரேலியாவில் வக்கீல்கள் வருஷா வருஷம் வகுப்புக்குப் போக வேண்டுமாமே? நிஜமா?
— சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

நிஜம்தான் தம்பி. நான் சென்னையில் கறுப்புக் கோட்டு போட்ட காலத்தில் பயிற்சி என்பது சீனியர் ஆபீசோடு சரி. கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவது, வாய்தா வாங்குவது, சீனியர் திட்டினால் தலையைக் குனிந்துகொள்வது. நல்ல சீனியர் வாய்த்தால் தொழில் கைவரும். வாய்க்காவிட்டால் பத்து வருஷமும் வாய்தாதான்.

சிட்னியில் தொழிலே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கட்சிக்காரரிடம் பேசி, காகிதங்களைத் தயார் செய்பவர் சொலிசிட்டர். அவர் அனுப்பும் பிரிஃபை, அதாவது வழக்குக் காகிதக் கட்டை, வைத்துக்கொண்டு கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுபவர் பாரிஸ்டர். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாரிஸ்டர் ஆக மூன்று தாள் எழுத வேண்டும்: சாட்சியச் சட்டம், நடைமுறை, தொழில் ஒழுக்கம். பாஸ் மார்க் 75. முப்பத்தைந்து வாங்கிப் பாஸான பழக்கத்தில் போனவளுக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. அப்புறம் ஒரு மாத வகுப்பு. அதற்கப்புறம் மூத்தவர் ஒருவரின் கண்பார்வையில் ஒரு வருஷம். அந்த வருஷம் முழுக்க உங்களுக்கு ‘ரீடர்’ என்று பெயர்.

அதோடு விடுவதில்லை. ஏப்ரல் 1-இல் தொடங்கி அடுத்த மார்ச் 31-க்குள் பத்து பாயின்ட் சேர்க்க வேண்டும். சி.பி.டி. என்பார்கள், தொடர் தொழிற்பயிற்சி. ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு பாயின்ட். தொழில் ஒழுக்கம், அலுவலக நிர்வாகம், சட்டமும் நடைமுறையும், வாதாடும் திறன் என்று நான்கு பிரிவு. எதையும் முழுதாக விட்டுவிட முடியாது. மார்ச் கடைசி வாரத்தில் எந்த வகுப்பைப் பார்த்தாலும், வருமான வரிக் கெடு நெருங்கும் நாளில் ஆடிட்டர் ஆபீஸ் இருக்கிற மாதிரி கூட்டம் நிற்கும். நிர்வாகப் பாயின்ட்டுக்காக உட்கார்ந்த சில சொற்பொழிவுகளில் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். எல்லாமே உபயோகம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

பேசுவதைக்கூட வகுப்பில் கற்றுத்தர முடியுமா? பேச்சு பிறவியிலேயே வருவதல்லவா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

நானும் அப்படித்தான் நினைத்தேன் ஐயா. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக் கோப்பை வாங்கியவள். சிட்னியில் முதல் பயிற்சியன்று என் கொடியே பறக்கும் என்று போனேன்.

சின்ன அறை. ஆறு பேர். ஒருவர் சாட்சியாக நடிப்பார், ஒருவர் நீதிபதி இடத்தில் இருப்பார், மூலையில் ஒரு கேமரா. நான் எழுந்து எட்டு நிமிஷம் குறுக்கு விசாரணை செய்தேன். உட்கார்ந்ததும் பயிற்சியாளர் சொன்னது ஒரே வரி: “தலைப்பு: ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு நீங்கள் ‘ரைட்’ சொல்கிறீர்கள்.” எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் நோட்டைப் பிரித்து வாசித்தார். கேள்வி: கார் நீல நிறமா? பதில்: ஆமாம். நான்: ரைட். கேள்வி: மழை பெய்ததா? பதில்: இல்லை. நான்: ரைட். இப்படிப் பதினோரு ‘ரைட்’. என் வாயிலிருந்து வந்ததை எனக்கே திருப்பி வாசிக்கும்போது மறுக்க என்ன இருக்கிறது?

ஏன் தப்பு என்றும் சொன்னார். சாட்சி சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன் என்று ஜூரிக்குத் தோன்றும். அதைவிட முக்கியம், அந்த ‘ரைட்’டுக்குள் நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பதிலைக் கேட்கவில்லை. மருந்து: பேனாவை மேஜைமேல் வை, பதில் முடியும்வரை சாட்சியின் முகத்தைப் பார், ஒரு மூச்சு விட்டு அடுத்த கேள்விக்குப் போ. அவரே எழுந்து நின்று இரண்டு கேள்வி கேட்டுக் காட்டினார். பிறகு என்னை மறுபடி செய்யச் சொன்னார்.

இந்த ஆறு படிகளுக்கும் ஒரு பெயர் உண்டு, ஹாம்பெல் முறை. விக்டோரியா மாநில நீதிபதியாக இருந்த ஜார்ஜ் ஹாம்பெல் வகுத்தது. தலைப்பு, திருப்பி வாசித்தல், காரணம், மருந்து, செய்து காட்டல், மறுபடி செய்தல். ஒரு முறைக்கு ஒரே ஒரு குறைதான் சொல்ல வேண்டும் என்பது இதன் உயிர். ஒன்பது குறை தெரிந்தாலும் எட்டை விழுங்கிவிட வேண்டும். இங்கிலாந்தில் பாரிஸ்டர்களுக்கு வாதக்கலை சொல்லித் தருபவர்களும் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ‘நன்றாகப் பேசினாய், இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும்’ என்பதெல்லாம் அங்கே விமர்சனம் ஆகாது. சென்னை சீனியர் என் ஏழு வருஷத்திலும் ஒருமுறைகூட நான் பேசியதைத் திருப்பிச் சொல்லவில்லை, திட்டினார், அவ்வளவுதான்.

‘ரைட்’ போக எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. வீட்டில் இன்னும் போகவில்லை.

மெல்போர்னில் கோர்ட் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சாட்சி ‘ஆமாம்’ என்கிறார், நான் ‘யெஸ்’ என்கிறேன், பாரிஸ்டர் என்மேல் எரிந்து விழுகிறார். தப்பு யாருடையது?
— ஒரு வாசகி, மெல்போர்ன்

கேள்வி கேட்டவருடையது, தங்கச்சி. இந்தக் கேள்விக்கு ஒரு இதழையே கொடுக்கலாம்.

பாரிஸ்டர் ஆங்கிலத்தில் எதிர்மறையாகக் கேட்பார். நீங்கள் அதை, ‘நீங்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலை, இல்லையா?’ என்று தமிழில் சொல்வீர்கள். சாட்சி ‘ஆமாம்’ என்பார். நம் காதுக்கு அது, ‘ஆமாம், போகலை’. ஆங்கிலக் காதுக்கு ‘யெஸ்’ என்றால் போனேன் என்று ஆகிவிடும். பதிவேட்டில் ‘யெஸ்’ ஏறும், அரை மணி கழித்து அந்தச் சாட்சி பொய்யர் ஆவார். என் வகுப்பில் நான் முதலில் நிறுத்துவது இதைத்தான். மொழிபெயர்ப்பாளர் இருக்கும் விசாரணையில் எதிர்மறைக் கேள்வியே கூடாது. ‘போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனீர்களா?’ அவ்வளவுதான்.

அடுத்தது அண்ணன். அகதி விண்ணப்பத்தில் ‘உடன்பிறந்த ஆண்கள்: இல்லை’ என்று இருக்கும். கூண்டில் ஏறிய மனிதர், ‘அண்ணனை ராணுவம் பிடிச்சுக்கொண்டு போனது’ என்பார். பெரியப்பா மகன் அண்ணன்தானே நமக்கு? ஆங்கிலத்தில் ‘பிரதர்’ ஆனதும் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். எந்த அண்ணன், யார் வயிற்றுப் பிள்ளை என்று முதல் விசாரணையிலேயே கேட்டு வைக்காத பாரிஸ்டர் தன் கட்சிக்காரரைத் தானே காட்டிக்கொடுக்கிறார்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘அவன் கடைக்குப் போனான்’, ‘அவன் கடைக்குப் போனானாம்’. நமக்கு அந்த ‘ஆம்’ போதும், சொல்பவர் கண்ணால் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டது என்று தெரிந்துவிடும். ஆஸ்திரேலிய சாட்சியச் சட்டம், 1995, பிரிவு 59 செவிவழிச் செய்தியைத் தள்ளிவைக்கப் படாத பாடு படுகிறது. தமிழ்க் கிழவி ஒரு விகுதியில் முடித்துவிடுகிறாள். ஆனால் மொழிபெயர்ப்பில் அந்த ‘ஆம்’ விழுந்துவிட்டால், கேள்விப்பட்டது எல்லாம் கண்ணால் கண்டதாக மாறிப்போகும். நீங்கள் அதை விடாமல் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். வாக்கியம் நீளமானால் நீளட்டும்.

மொழிபெயர்ப்பாளர்களோடு கோர்ட்டும் வக்கீல்களும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தேசிய அளவில் பரிந்துரை நெறிகள் 2017-இல் வந்தன. உங்களுக்கு ஓய்வு கேட்கும் உரிமை உண்டு, முன்கூட்டியே வழக்கு விவரம் கேட்கலாம். எரிந்து விழுபவரிடம் நீதிபதி வழியாகவே பேசுங்கள்: ‘யுவர் ஆனர், இந்தக் கேள்வி தமிழில் இரண்டு அர்த்தம் தரும்.’ நீதிபதிகளுக்கு அது பிடிக்கும்.

பாயின்ட்டுக்காகக் கேட்ட சொற்பொழிவுகளில் உங்களை உலுக்கியது எது?
— வாசகர், சேலம்

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட்டுச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது ஹைகோர்ட், கான்பராவில். சுப்ரீம் கோர்ட் என்பது மாநிலத்துக்கு ஒன்று. நம் ஊருக்குத் தலைகீழ். என் அம்மா கடைசிவரை இதை நம்பவில்லை.

2004-இல் அல்-காடெப் வழக்கில் ஹைகோர்ட் நாலுக்கு மூன்று என்று, அதாவது நாலு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம், ஒரு தீர்ப்புச் சொன்னது. நாடற்ற ஒருவரை அனுப்ப எந்த நாடும் இல்லாவிட்டாலும் காவலில் வைத்துக்கொண்டே இருக்கலாம் என்று. பத்தொன்பது வருஷம் அதைத்தான் படித்தோம், சொல்லிக் கொடுத்தோம். 2023 நவம்பர் 8 அன்று, என்.இசட்.ஒய்.க்யூ. என்ற எழுத்துகளால் மட்டுமே அறியப்படும் ஒரு ரோஹிங்கியா மனிதரின் வழக்கில் அது கவிழ்ந்தது. அடுத்த பத்து நாளுக்குள் பாராளுமன்றம், விடுதலையானவர்களுக்குக் கணுக்கால் பட்டையும் இரவு ஊரடங்கும் போடச் சட்டம் கொண்டுவந்தது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்துக்கு இரண்டு என்று ஹைகோர்ட் அதையும் அடித்தது. ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை என் குறிப்புகளைக் கிழித்து எழுதினேன். பத்து பாயின்ட் எதற்கு என்று அன்றைக்குப் பிறகு நான் முணுமுணுக்கவில்லை.

தமிழர்கள் தொட்ட வழக்குகளும் அங்கே பாடம். கிறிஸ்துமஸ் தீவில் இருந்த இரண்டு இலங்கைத் தமிழர்கள் 2010-இல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லும்படி வென்றார்கள்: அகதிக் கோரிக்கையைப் பரிசீலிப்பவர், எதிரான தகவல்களை அவர்களிடம் காட்டிப் பதில் கேட்டே ஆக வேண்டும். புதுச்சேரியிலிருந்து கிளம்பி 2014-இல் நடுக்கடலில் மறிக்கப்பட்ட 157 தமிழர்களின் கதை வேறு. அவர்களைக் கப்பலிலேயே அடைத்து வைத்தது சட்டப்படி சரி என்று 2015 ஜனவரியில் நாலுக்கு மூன்று. அந்தச் சொற்பொழிவுக்கு நான் போனபோது பேச்சாளர் கடல் அதிகாரச் சட்டத்தின் பிரிவுகளைப் பலகையில் எழுதிக்கொண்டே போனார். எனக்கோ கரையில் பார்த்த கட்டுமரம்தான் கண்முன் நின்றது. பாயின்ட் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

ஏ.ஐ.யை வைத்து வாதுரை எழுதலாமா? இங்கே எல்லாரும் எழுதுகிறார்களே.
— ஜூனியர் வழக்கறிஞர், மதுரை

எழுதுகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். நியூ சவுத் வேல்ஸ் சுப்ரீம் கோர்ட் 2025 பிப்ரவரி 3 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. பிரமாண வாக்குமூலத்தின் வாசகத்தை ஏ.ஐ. உருவாக்கக் கூடாது, அது சாட்சியின் சொந்தச் சொல்லாக இருக்க வேண்டும். வாதுரையில் பயன்படுத்தினால், குறிப்பிட்ட ஒவ்வொரு தீர்ப்பும் நிஜமாகவே இருக்கிறது என்று சரிபார்த்ததாக எழுதித் தர வேண்டும். அதே வருஷம் ஆகஸ்டில் விக்டோரியாவில் ஒரு கொலை வழக்கு. இல்லாத தீர்ப்புகள் வாதுரைக்குள் வந்துவிட்டன. மூத்த பாரிஸ்டர் எழுந்து நின்று நீதிபதியிடம் மன்னிப்புக் கேட்டார். இப்போது ஒழுக்கப் பாயின்ட் வகுப்புகளில் பாதி நேரம் இந்தப் பேச்சுதான். என் வழி பழையது: தீர்ப்பைத் திற, பத்தியைப் படி, எண்ணைக் குறி.

நான் எட்டு வருஷமாக இங்கே வழக்கறிஞர். நேராக சிட்னி போய் வாதாட முடியுமா?
— வழக்கறிஞர், திருநெல்வேலி

நேராக முடியாது. முதலில் உங்கள் படிப்பை எடை போடுவார்கள். ‘பிரீஸ்ட்லி பதினொன்று’ என்று ஒரு பட்டியல், அதே பெயருள்ள நீதிபதியின் பெயரால். ஒப்பந்தம், சொத்து, கம்பெனிச் சட்டம் எல்லாம் உங்களிடம் இருந்தாலும், ஆஸ்திரேலிய அரசியல் சாசனம், நிர்வாகச் சட்டம் போன்றவற்றை அங்கே மறுபடி படிக்கச் சொல்வார்கள். ஆங்கிலத் தேர்வும் உண்டு. அதையெல்லாம் தாண்டிய பிறகுதான் நான் முதல் பதிலில் சொன்ன மூன்று தாள். நான் செய்தபோது வயது முப்பத்தி மூன்று, கையில் இரண்டு வயதுப் பையன். தூக்கம் குறையும், வேறொன்றும் ஆகாது.

விக் வைத்துக்கொள்வீர்களா? ‘மை லார்ட்’ என்பீர்களா?
— வாசகி, தஞ்சாவூர்

‘மை லார்ட்’ கிடையாது. மாஜிஸ்திரேட் முதல் ஹைகோர்ட் தலைமை நீதிபதி வரை எல்லாரும் ‘யுவர் ஆனர்’தான். முதல் மாதம் நாக்கு பழக்கத்தில் ‘மை லார்ட்’ என்று வழுக்கியது. நீதிபதி அம்மா சிரித்துக்கொண்டே, “பதவி உயர்வுக்கு நன்றி” என்றார். ஹைகோர்ட் நீதிபதிகள் 1988-இலேயே விக்கைக் கழற்றிவிட்டார்கள். சிட்னியில் ஜூரி வைத்து நடக்கும் குற்ற வழக்குகளில் நாங்கள் இன்னும் வைக்கிறோம். குதிரை மயிர், உள்ளே அரிக்கும், ஜனவரி வெயிலில் சொல்லவே வேண்டாம். புது விக் பளிச்சென்று இருந்தால் ஆளும் புதுசு என்று தெரிந்துவிடும் என்பதால், ஓய்வுபெற்ற ஒருவரிடம் மஞ்சளேறிப்போன பழைய விக்கை வாங்கினேன். தகர டப்பாவுக்குள் அவர் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. போன வருஷம் அதை ஒரு ரீடர் பெண்ணுக்குக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “இது யாருடைய எழுத்து?” என்று கேட்டாள். எனக்கு முன்னால் இருந்தவருடையது என்றேன். அவருக்கு முன்னால்? அதை நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.