எஞ்சின் ரூம் கேள்வி–பதில்: ஆயில் மாற்றும் நாள்

செம்பனை மில் எஞ்சின் ரூமில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற நான், மலேசியாவின் நெகிரி செம்பிலானிலுள்ள பகாவிலிருந்து எழுதும் பகுதி இது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதைப் பற்றியே இருந்ததால், மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

ஐயா, மில்லில் எஞ்சின் டிரைவருக்கு உதவியாளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். டீசல் ஜென்செட்டுக்கு (ஜெனரேட்டருக்கு) ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். "ஸ்டாப் பட்டனை அமுக்கு, ஆயில் வடிக்கும் பிளக்கைக் கழற்று, அவ்வளவுதான்" என்கிறார் மூத்தவர். அதையும் மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. முறை என்ன?
– மில் ஊழியர், பகாவ் வட்டாரம்

தம்பி, பயம் நல்லதுதான். அதை வைத்துக்கொண்டே வேலையைப் பார்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையை மாற்றச் சொல். மில் ஓடும் நாளில் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து பாய்லர் நீராவி தரும், டர்பைன் கரண்ட் தரும், டீசல் செட் சும்மா நிற்கும். மில் நின்ற நாளில்தான் பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கும் தண்ணீர் பம்புக்கும் டீசல் செட்டே கதி. அன்றைக்குப் பார்த்து அதைப் பிரித்துப் போட்டால், "அண்ணே, லைட் எப்போ வரும்?" என்று ஆள் மாற்றி ஆள் வாசலில் வந்து நிற்பார்கள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸிலிருந்து போன் வரும். அந்த நெருக்கடியில் நீ விடப்போவது ஆயிலை அல்ல, வேலை நடக்கும்போது யாரும் ஸ்டார்ட் செய்யாதபடி போடும் பூட்டை. டர்பைன் ஓடும் வேலை நாளில், வெளிச்சம் இருக்கும்போது செய்.

நிறுத்துவதற்கு முன் லோடை எடுத்துவிட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா ஓடட்டும். டர்போ சூடு தணிய வேண்டும். ஆயில் சாம்பிள் எடுப்பதாக இருந்தால் அதையும் இப்போதே, சாம்பிள் வால்விலிருந்து பிடித்துக்கொள். பிளக்கைக் கழற்றியதும் முதலில் விழும் மண்டியைப் பிடித்து லேப்புக்கு அனுப்பினால் பதிலும் மண்டியைப் பற்றித்தான் வரும்.

இனிமேல்தான் உன் மூத்தவர் தாண்டிப் போகும் இடம். ஸ்டாப் பட்டன் எஞ்சினை நிறுத்தும்; திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் தடுக்காது. பேனல் 'ஆட்டோ'வில் இருந்தால், வெளிக் கரண்ட் விழுந்த சில நொடிகளில் அது தானாகவே எஞ்சினை எழுப்பும். உன் கை பெல்ட் பக்கம் இருக்கிறதா, பிளக் திறந்திருக்கிறதா என்றெல்லாம் பேனலுக்குத் தெரியாது. ஆகவே செலக்டர் 'ஆஃப்'. எமர்ஜென்சி ஸ்டாப் உள்ளே. பேட்டரி சார்ஜரை முதலில் அணை, பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்று. திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காற்றில் ஸ்டார்ட் ஆகும் எஞ்சின் என்றால் காற்று வால்வை மூடி, பைப்பில் தங்கிய காற்றையும் வெளியேற்று. மூடிய வால்வுக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் மிச்சமிருக்கும் காற்றே ஒரு சுற்று சுற்றிவிடப் போதும்.

ஜெனரேட்டர் பிரேக்கரைத் திறந்து பூட்டச் சொல்லி சார்ஜ்மேனிடம் (மின்சாரப் பொறுப்பாளரிடம்) கேள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டர்பைன் கரண்ட் பஸ்பாரில் (எல்லா கரண்டும் சேரும் பொதுக் கம்பியில்) இருக்கும்போது யாராவது அந்த பிரேக்கரைப் போட்டால், ஆல்டர்னேட்டர் மோட்டாராக மாறி எஞ்சினைச் சுழற்றும். தண்ணீர் ஹீட்டர், ஆல்டர்னேட்டர் ஹீட்டர், ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் ஏற்றும் ப்ரீலூப் பம்ப் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேறு வழியில் வரும். அவற்றையும் தனித்தனியாக அணைக்க வேண்டும். ரூமில் தானாகத் திறக்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு இருந்தால், ஆள் உள்ளே இருக்கும்வரை அது 'மேனுவலில்' இருக்கட்டும்.

பூட்டு உன் சொந்தப் பூட்டாக இருக்க வேண்டும். சாவி உன் பாக்கெட்டில் இருக்க வேண்டும், ஆபீஸ் ஆணியில் அல்ல. டேக்கில் பெயர், தேதி, என்ன வேலை என்று எழுது. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. எல்லாம் பூட்டிய பிறகு, எஞ்சின் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் கொடுத்துப் பார். அசையாமல் இருந்தால்தான் பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். மூத்தவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஓடி நின்ற எஞ்சினின் ஆயில் 90 டிகிரிக்கு மேலும் இருக்கும். கையில் பட்டால் தோல் உரிந்து வரும். முழுக்க ஆறவிட்டால் அழுக்கு அடியிலேயே படிந்துவிடும். சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில்) கை வைத்தால் தாங்கும் சூடு வரும்வரை பொறு. ஆனால் எஞ்சின் சூடேறி அலாரம் அடித்து நின்றிருந்தால் கதை வேறு. அப்போது கிராங்கேஸ் (கிராங்க் சுழலும் அடிக்கூடு) கதவையும் திறக்காதே, ஆயில் ஊற்றும் மூடியையும் திறக்காதே. உள்ளே ஆயில் புகைமூட்டமாக நிற்கும், எங்கோ ஒரு பேரிங் பழுத்துக் கிடக்கும். நீ திறந்து காற்றை விட்டால் வெடிக்கும். 1947 செப்டம்பரில் பெல்ஃபாஸ்ட் பக்கம் சோதனை ஓட்டத்தில் இருந்த 'ரெய்னா டெல் பசிஃபிக்கோ' கப்பலில் கிராங்கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள். பெரிய எஞ்சின்களின் கிராங்கேஸ் கதவில் இன்று காணும், வெடிப்பின் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வுகளை வலியுறுத்தியதில் அந்த விபத்துக்குப் பெரிய பங்குண்டு. குறைந்தது இருபது நிமிடம் யாரும் கிட்டே போகவேண்டாம். எஞ்சின் புத்தகம் அதிகம் சொன்னால் அதன்படி.

வடிப்பதற்கு முன் கணக்குப் பார். ஒரு மெகாவாட் அளவு டீசல் எஞ்சினில் பெரும்பாலும் 150 லிட்டருக்கு மேல் ஆயில் நிற்கும். ட்ரம் 200 லிட்டர், அதில் ஏற்கெனவே பாதி பழைய ஆயில் இருந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி. நிறைந்த ட்ரம் 200 கிலோவை நெருங்கும். ட்ரம் ட்ராலி இல்லாமல் இரண்டு பேர் சாய்த்து உருட்டுவது முதுகுக்கும் கால் விரலுக்கும் கேடு. வடிகால் வால்வும் ஹோஸும் இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். பிளக் மட்டும்தான் என்றால், ஒதுங்கி நின்று, நைட்ரில் கையுறையோடும் முழுக்கைச் சட்டையோடும் கழற்று.

புது ஆயில் ஊற்றி முடித்ததும் பூட்டு எடுக்குமுன் கந்தல், ஸ்பானர், ஃபனல் எல்லாம் எண்ணி வெளியே எடு. பூட்டை அவரவர் பூட்டியதை அவரவரே கழற்ற வேண்டும். டீசலை வெட்டிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை சின்னச் சின்னத் தவணையாக ஸ்டார்ட்டர் கொடு. நடுவில் ஸ்டார்ட்டர் ஆற இரண்டு நிமிடம். பிறகு ஸ்டார்ட். பத்து, பதினைந்து நொடிக்குள் பிரஷர் வரவில்லை என்றால் நிறுத்திவிடு, காரணத்தைப் பிறகு தேடலாம். அந்த முதல் நிமிடத்தில் ஃபில்டருக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. கசிவு இல்லையென்று பார்த்து, நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து டிப்ஸ்டிக் பார். சில டிப்ஸ்டிக்கில் ஒரு பக்கம் 'ஓடும்போது', மறுபக்கம் 'நின்றபோது' என்று கோடு இருக்கும். தப்பான பக்கத்தைப் படித்து ஆயிலைக் கூட ஊற்றுகிறவர்கள் உண்டு.

எங்கள் பயோகேஸ் எஞ்சினில் டூப்ளக்ஸ் (இரட்டை அறை) ஃபில்டர் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே ஒரு பக்கத்தை மூடி ஃபில்டர் மாற்றலாமா? சூப்பர்வைசர் "டிசைனே அதுக்குத்தானே" என்கிறார்.
– ஃபிட்டர், ஜெம்போல்

டிசைன் அதற்குத்தான், அவர் சொல்வது சரி. ஆனால் கேள்வி அது இல்லையே. கப்பலுக்கு நடுக்கடலில் எஞ்சினை நிறுத்த வழியில்லை. அதனால் ஓடும்போதே மாற்றுகிறார்கள். உங்கள் மில் கடலில் மிதக்கவில்லை. கழிவுநீர்க் குளத்து கேஸை ஒரு மணி நேரம் ஃப்ளேரில் எரிக்கலாம். நிறுத்திவிட்டு மாற்றுங்கள் என்பதே என் பதில்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அந்த ஃபில்டருக்குள் ஆயில் நாலைந்து பார் அழுத்தத்தில் நிற்கிறது. நெம்புகோல் முழுக்கப் போகாமல் பாதியில் நின்றிருந்தால், மூடியைத் தளர்த்திய நொடியில் சூடான ஆயில் பீறிட்டு எக்ஸாஸ்ட் மேல் போய் விழும். கப்பல் விதிகளில் 220 டிகிரிக்கு மேல் சூடாகும் பரப்பையெல்லாம் மூடிக்கட்டச் சொல்லியிருப்பது இதற்காகவே. மில்களில் எக்ஸாஸ்ட் லேக்கிங் (சூடு தடுக்கும் உறை) கிழிந்து தொங்குவதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

ஓடும்போதே செய்தாக வேண்டிய நிலை வந்தால்: கோல் கடைசிவரை போனதைப் பாருங்கள், வென்ட்டைத் திறந்து, அழுத்தம் செத்ததைக் கண்ணால் கண்ட பிறகே போல்ட்டில் ஸ்பானர். புது ஃபில்டர் போட்டதும் அந்த அறையை நிரப்பு வால்வு வழியாக மெல்ல நிரப்பி, காற்றை வெளியேற்றிய பிறகே கோலைத் திருப்ப வேண்டும். வெற்று அறைக்குச் சட்டென்று திருப்பினால் பிரஷர் விழுந்து எஞ்சின் ட்ரிப் ஆகும். ட்ரிப் ஆகாவிட்டால் அதைவிட மோசம்.

புது ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்ட வேண்டுமா, வெறுமனே மாட்ட வேண்டுமா? எங்கள் இரண்டு ஃபிட்டர்களும் பேசிக்கொள்வதையே விட்டுவிட்டார்கள்.
– வொர்க்‌ஷாப் கிளார்க், ரொம்பின்

இருவரும் அவரவர் பழகிய கம்பெனியில் கற்றதைச் சொல்கிறார்கள். கேட்டர்பில்லர் ஆயில் ஃபில்டரை நிரப்பாமல் மாட்டச் சொல்கிறது. கம்மின்ஸ் தன் பல எஞ்சின்களுக்கு நிரப்பி மாட்டச் சொல்கிறது. உங்கள் எஞ்சினின் புத்தகத்தை எடுத்து இருவர் முன்னாலும் விரியுங்கள், சமாதானம் ஆகட்டும்.

நிரப்புவதாக இருந்தால் ஓரத்துச் சிறு ஓட்டைகளில்தான் ஊற்ற வேண்டும். அழுக்கு ஆயில் ஓரத்தில் நுழைந்து, காகிதத்தைத் தாண்டி, நடு ஓட்டை வழியாகச் சுத்தமாக வெளியேறுகிறது. நடுவில் ஊற்றினால் கேனில் இருந்த தூசி வடிகட்டப்படாமலே பேரிங்குக்குப் போகும்.

அவர்கள் சண்டை போட வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது: பழைய கேஸ்கெட். ஃபில்டர் கழன்று வரும், அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பிரஷர் ஏறியதும் பிதுங்கிவிடும், ரூம் முழுக்க ஆயில். கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று பார்க்காமல் புதியதைத் தொடக் கூடாது. புதியதன் வளையத்தில் கொஞ்சம் சுத்தமான ஆயில் தடவி, கையால் இறுக்குங்கள். வளையம் தொட்ட பிறகு எவ்வளவு சுற்று என்பது ஃபில்டர் மேலேயே அச்சடித்திருக்கும், பெரும்பாலும் முக்கால் சுற்று. ஸ்ட்ராப் ஸ்பானர் கழற்றுவதற்கு மட்டும்.

பழைய ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஃபில்டர் கட்டரால் வெட்டுங்கள். கிரைண்டரால் வெட்டினால் கிரைண்டர் தூளையே பேரிங் தூள் என்று நினைத்துப் பதறுவீர்கள். காகித மடிப்பில் காந்தம் ஒட்டாத பளபளப்புத் துகள் கண்டால் அது பேரிங் சமாசாரம். அன்றே மேலே சொல்லுங்கள்.

அண்ணே, என் வீட்டுக்காரர் ஆயில் மாற்றிய நாளில் டீசலில் கை கழுவிவிட்டு வருகிறார். பாக்கெட்டில் ஆயில் துணி. கரையானுக்கு அடிக்கவென்று ஒரு போத்தல் கறுப்பு ஆயிலும் கொண்டு வந்து வைத்திருக்கிறார். கேட்டால், "முப்பது வருஷமா இப்படித்தான்" என்கிறார்.
– ஒரு தங்கை, லயத்து வீடு, பகாவ்

தங்கச்சி, இதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள்.

ஓடிய எஞ்சின் ஆயிலைத் தொடர்ந்து தோலில் தடவிய எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனிதர் கதையும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில், இயந்திர எண்ணெய் தெறித்துத் தொடைப்பக்கம் ஊறிய காற்சட்டையோடு வருஷக்கணக்கில் உழைத்த நூற்பாளர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது. பாக்கெட்டில் இருக்கும் அந்தத் துணி எந்த இடத்தை ஒட்டி நாள் முழுக்க இருக்கிறது என்று அவரே யோசிக்கட்டும்.

டீசல் தோலின் எண்ணெய்ப்பசையை எடுத்துவிடும். வெடித்த தோலில் அழுக்கு இன்னும் ஆழமாக இறங்கும். வேலைக்கு முன் பேரியர் க்ரீம், வேலையில் கையுறை, பிறகு சோப்பு. அவர் உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள். அந்தப் போத்தலை மூடி இறுக்கி, அவர் கையிலேயே மில்லுக்குத் திருப்பி அனுப்புங்கள். தூணில் அடித்தது மழையில் கரைந்து கீரைப் பாத்திக்குத்தான் வரும்.

ஆயில் எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?
– வாசகர், பாசோ

டீசல் செட்டுக்கு 250 மணி என்பது பொதுவான வழக்கு. புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. எப்போதாவது ஓடும் ஸ்டான்ட்பை செட்டுக்கு மணி ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை. பயோகேஸ் எஞ்சினுக்கு நாட்காட்டியை நம்ப வேண்டாம். கேஸில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைட் ஆயிலில் அமிலமாகும், லேப் ரிப்போர்ட்தான் சொல்ல முடியும்.

மூன்று ட்ரம் பழைய ஆயில் ஸ்டோரில் நிற்கிறது. லோரியோடு ஒருவர் வந்து ரொக்கம் தருகிறேன் என்கிறார். பழைய ஃபில்டர்களை ஃபயர்மேன் பாய்லரில் போட்டுவிடலாம் என்கிறார். என்ன செய்ய?
– மில் கிராணி, பகாவ்

கிராணியாரே, இரண்டுமே வேண்டாம். 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளின்படி ஓடிய ஆயிலின் கழிவு வகை எண் எஸ்டபிள்யூ 305; ஆயில் ஊறிய கந்தலும் ஃபில்டரும் எஸ்டபிள்யூ 410. கூரை போட்ட இடத்தில், ஒரு ட்ரம் முழுக்கக் கொட்டினாலும் வெளியே ஓடாதபடி தடுப்புச் சுவர் கட்டி வைக்க வேண்டும். கூலண்ட் கலக்கக் கூடாது. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்க முடியாது, எது முந்துகிறதோ அது. ஃபில்டரை ஓரிரவு கவிழ்த்து வடியவிட்டுத் தனி ட்ரம்மில் போடுங்கள். அதை பாய்லரில் எரிப்பது சட்டத்துக்கும் ஆகாது, அடுப்புக் கம்பிக்கும் ஆகாது. தகரம் எரியாமல் கிரேட்டில் ஒட்டினால் அதைச் சுரண்டப் போவதும் அதே ஃபயர்மேன்தான்.

ரொக்கம் தருகிறவரிடம் ஜபாத்தான் அலாம் செக்கித்தார் (சுற்றுச்சூழல் துறை) கொடுத்த லைசென்ஸ் நகலைக் கேளுங்கள், அவர்களுடைய ஆன்லைன் கழிவுப் பதிவேடான ஈஸ்விஸில் பதிந்துதான் அனுப்புவோம் என்றும் சொல்லுங்கள். "நாளைக்குக் கொண்டு வர்றேன் பாஸ்" என்பார். அவர் வரும்வரை காத்திருக்காமல், லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டருக்கு இன்றே போன் போட்டு, மூன்று ட்ரம்மின் லேபிளிலும் எழுதியிருக்கும் தேதியைப் பாருங்கள். 180 நாள் அதிலிருந்துதான் ஓடுகிறது.